அவகாட்ரோ எண்ணைக் கடைசியில் சொல்லிக் கொடுங்கள்

ப்ளஸ் ஒன் படிக்கும் யாரையாவது நிறுத்தி "மோல் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் வந்துவிடும். "6.022 × 10²³!" பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி ஒரே மூச்சில் வரும். சரி, கையோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள். "உங்கள் வீட்டு சமையல் கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. அது முழுக்க எரிந்து தீர்ந்தால் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே போகும்?"

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு "14 கிலோ இருக்குமா?" என்பார்கள். "எரிந்தால் குறையத்தானே செய்யும், ஒரு பத்து கிலோ?" என்பவர்களும் உண்டு. சரியான பதில் சுமார் 43 கிலோ. உள்ளே இருந்த கேஸைப் போல மூன்று மடங்கு! சொன்னால் நம்ப மாட்டார்கள். இத்தனைக்கும் இந்தக் கணக்கைப் போடத் தேவையான எல்லாமே அவர்கள் படித்து, பரீட்சை எழுதி, மார்க்கும் வாங்கிய பாடத்தில்தான் இருக்கிறது.

மோல் தெரிகிறது. மோலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. இதில் மாணவனின் தப்பு கொஞ்சம்தான். பாடம் ஆரம்பிக்கிற இடமே தப்பு. பெரும்பாலான வகுப்புகளில் இந்தப் பாடம் அந்த ராட்சத எண்ணில் ஆரம்பிக்கிறது. கரும்பலகையில் எண் ஏறும். "டஜன் என்றால் 12, அந்த மாதிரி மோல் என்றால் இது" என்று ஓர் உதாரணம் வரும். பிறகு மூன்று சூத்திரங்கள், நாலு பயிற்சிக் கணக்கு, மணி அடித்துவிடும். அந்த எண் யாருக்கு எதற்காகத் தேவைப்பட்டது என்று கேட்க அங்கே நேரமே இல்லை.

டஜன் உதாரணமும் பாதிக்குத்தான் உதவும். வாழைப்பழத்தை டஜன் கணக்கில் எண்ணி வாங்கலாம். ஆய்வகத்தில் யாரும் அணுக்களை எண்ணி எடுப்பதில்லை, தராசில் எடைதான் போடுகிறார்கள். எடை போட்டாலே எண்ணின மாதிரிதான் என்பதுதான் மோலின் விஷயமே. டஜன் உதாரணத்தில் தராசே கிடையாது!

இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமானால் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போக வேண்டும். அங்கே போல்ட்டும் நட்டும் கிலோ கணக்கில் விற்கிறார்கள். ஒரு வேலைக்கு ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு நட்டு தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு போல்ட் ஒரு நட்டைப் போல மூன்று மடங்கு கனம். ஒருவர் 30 கிலோ போல்ட் வாங்கிவிட்டார். நட்டு எத்தனை கிலோ வாங்க வேண்டும்? போல்ட்டுக்கு ஒரு நட்டு போதும் என்றால் 10 கிலோ. இரண்டு வேண்டும் என்பதால் 20 கிலோ. முடிந்தது கணக்கு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 30 கிலோவில் எத்தனை போல்ட் இருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு போல்ட் எத்தனை கிராம் என்றுகூடத் தெரிய வேண்டாம், நட்டைப் போல மூன்று மடங்கு என்று தெரிந்தால் போதும். 30 கிலோ போல்ட் குவியலிலும் 10 கிலோ நட்டுக் குவியலிலும் எண்ணிக்கை ஒன்றுதான். அந்த எண்ணிக்கை எவ்வளவாக வேண்டுமானாலும் இருக்கட்டும்.

போல்ட்டுக்குப் பதில் அணுவை வையுங்கள். ஹைட்ரஜன் அணு 1 என்றால் கார்பன் அணு 12 மடங்கு கனம், ஆக்சிஜன் 16 மடங்கு, கால்சியம் 40 மடங்கு. ஆகவே 1 கிராம் ஹைட்ரஜன், 12 கிராம் கார்பன், 16 கிராம் ஆக்சிஜன், 40 கிராம் கால்சியம் ஆகிய நான்கு குவியலிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. அந்தக் குவியலுக்கு வைத்த பெயர்தான் மோல். சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு கூறு. (இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இது 'மூல்'. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கோ 'மோல்' என்றதும் முதலில் கன்னத்து மச்சம்தான் ஞாபகத்துக்கு வரும் :-))

இந்த வழி யாரோ புதிதாகக் கண்டுபிடித்த கற்பித்தல் உத்தி என்று நினைக்க வேண்டாம். வேதியியல் வளர்ந்ததே இந்த வரிசையில்தான். எடை விகிதம் முதலில் வந்தது. அந்தப் பெரிய எண் கடைசியில்தான் வந்தது.

ஆங்கிலத்தில் 'ஸ்டாய்க்கியோமெட்ரி' என்று நாக்கைச் சுளுக்க வைக்கிற அந்தச் சொல்லை 1792ல் உருவாக்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த ரிக்டர். அப்போது டால்டனின் அணுக் கொள்கைகூட வரவில்லை. எந்த அமிலத்தோடு எந்தக் காரம் எத்தனை எடை சேர்கிறது என்று அவர் அளந்துகொண்டிருந்தார். பிறகு டால்டன் வந்தார், ஒரு தப்பும் செய்தார். நீர் என்றால் ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஒரு ஆக்சிஜன் அணுவும் என்று எடுத்துக்கொண்டார். நீரை எடை போட்டுப் பிரித்தால் 1 பங்கு ஹைட்ரஜனுக்கு 8 பங்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. டால்டன் சொல்கிறபடி பார்த்தால் ஆக்சிஜனின் அணு எடை 8 ஆகிவிடும். ஹைட்ரஜன் இரண்டு அணு என்று வைத்தால்தான் 16 வரும். ஒன்றா இரண்டா என்று தராசு சொல்லாது. போல்ட்டுக்கு எத்தனை நட்டு என்று தெரியாமல் கிலோவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிற கதைதான்.

1808ல் கே-லுசாக் ஒரு துப்பு கொடுத்தார். இரண்டு லிட்டர் ஹைட்ரஜன், ஒரு லிட்டர் ஆக்சிஜன், சேர்ந்தால் இரண்டு லிட்டர் நீராவி. 1811ல் இத்தாலியின் அவகாட்ரோ இதற்கு விளக்கம் சொன்னார். ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் ஒரே அளவு இடத்தை அடைக்கும் எந்த வாயுவிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே என்றார். கேட்டவர்கள் குறைவு. அடுத்த ஐம்பது வருடம் வேதியியலில் ஒரே குழப்பம். ஆளுக்கொரு அணு எடைப் பட்டியல் வைத்திருந்தார்கள். வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலத்துக்கு அன்று புழக்கத்தில் இருந்த 19 வாய்பாடுகளைத் தன் பாடநூலில் வரிசையாக அச்சிட்டுக் காட்டினார் கெக்குலே. பத்தொன்பது!

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட வேதியியலாளர்கள் கூடினார்கள். மூன்று நாள் பேசினார்கள், முடிவு ஒன்றும் வரவில்லை. கிளம்பும்போது கன்னிசாரோ எழுதிய சின்னப் புத்தகம் ஒன்று எல்லோருக்கும் விநியோகம் ஆனது. அவகாட்ரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு போனால் எல்லா அணு எடைகளும் ஒழுங்காக வரிசைக்கு வரும் என்று அதில் படிப்படியாகக் காட்டியிருந்தார். ரயிலில் படித்தவர்களுக்கும் வீட்டுக்குப் போய்ப் படித்தவர்களுக்கும் மெதுவாக விஷயம் புரிந்தது. அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த மெண்டலீவ் ஒன்பது வருடம் கழித்து, சரியான அணு எடைகள் கையில் இருந்ததால்தான், தனிம அட்டவணையைப் போட முடிந்தது. அந்தச் சின்னப் புத்தகம் ஏதோ பெரிய ஆராய்ச்சிக் கட்டுரை அல்ல. கன்னிசாரோ ஜெனோவா நகரில் தன் மாணவர்களுக்குப் பாடம் நடத்திய விதத்தின் சுருக்கம்! ஐரோப்பாவின் பெரிய தலைகள் எல்லாம் குழம்பிக் கிடந்த விஷயத்தை ஒரு வாத்தியாரின் பாடக் குறிப்பு தெளிவாக்கியது. 1858ல் வெளிவந்த அந்தக் குறிப்பில் 10²³ என்கிற பேச்சே கிடையாது.

அவகாட்ரோவுக்கே அவகாட்ரோ எண் தெரியாது என்பதுதான் பெரிய வேடிக்கை. அவர் 1856ல் இறந்துவிட்டார். மூலக்கூறின் அளவை முதன்முதலில் ஓரளவு மதிப்பிட்டவர் லோஷ்மிட், 1865ல். 'மோல்' என்ற பெயரை 1890களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஆஸ்ட்வால்டுக்கோ அப்போது அணுக்கள் மேலேயே நம்பிக்கை கிடையாது! அணு இருக்கிறதா என்று சந்தேகப்பட்டுக்கொண்டே ஒருவர் மோல் கணக்கு போட்டிருக்கிறார், விடையும் சரியாக வந்திருக்கிறது. அந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரை வைத்தவர் பிரான்ஸின் பெரின், 1909ல்.

ஆக, 1811ல் அவகாட்ரோ சொன்னது வேதியியலாளர்களின் தலையில் ஏற ஐம்பது வருடம் ஆனது. அதைப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் நாற்பது நிமிட பீரியடில் கொடுத்துவிட்டு, "இதுகூடப் புரியவில்லையா?" என்று கேட்பது கொஞ்சம் அதிகம்.

சிலிண்டர் கணக்கு பாக்கி இருக்கிறது. சமையல் கேஸில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். கணக்கு எளிதாக இருக்க எல்லாமே புரோப்பேன் என்று வைத்துக்கொண்டால், ஒரு மூலக்கூறில் 3 கார்பன், 8 ஹைட்ரஜன். எடை 36 + 8 = 44. அது எரிய 5 ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும், 5 × 32 = 160. வெளியே வருவது 3 கார்பன் டை ஆக்சைடு, 3 × 44 = 132. கூடவே 4 நீர் மூலக்கூறு, 4 × 18 = 72. இந்தப் பக்கம் 204, அந்தப் பக்கமும் 204. ஒரு துளியும் காணாமல் போகவில்லை.

இப்போது கிராமை எடுத்துவிட்டுக் கிலோ போட்டாலும் விகிதம் மாறாது. 44 கிலோவுக்கு 132 கிலோ, அதாவது மூன்று மடங்கு. 14.2 கிலோவுக்கு 42.6 கிலோ. பியூட்டேனுக்குப் போட்டால் 58க்கு 176, மூன்று மடங்குக்கு ஒரு நூல் அதிகம், 43 கிலோ. எந்தக் கலவையாக இருந்தாலும் விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வரும். கூடுதல் எடை எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்து. ஒரு சிலிண்டர் கேஸ் சுமார் 52 கிலோ ஆக்சிஜனை அடுப்படிக் காற்றிலிருந்து இழுத்துக்கொள்கிறது. கூடவே 23 கிலோ தண்ணீரை ஆவியாக விடுகிறது. இந்தக் கணக்கு முழுவதிலும் 6.022 × 10²³ எங்காவது வந்ததா?

அந்த 52 கிலோவிலிருந்து பாடத்தின் அடுத்த கஷ்டமான பகுதிக்குப் போய்விடலாம். பாடப்புத்தகம் அதை வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்கிறது. எந்தப் பொருள் முதலில் தீர்கிறதோ அதுதான் வினை எவ்வளவு நடக்கும் என்று தீர்மானிக்கும். இதில் பிள்ளைகள் எப்போதும் விழுகிற குழி ஒன்று உண்டு. "10 கிராம் ஹைட்ரஜன், 40 கிராம் ஆக்சிஜன். எது முதலில் தீரும்?" பத்து சின்னது, ஆகவே ஹைட்ரஜன் என்று எழுதிவிடுவார்கள். 10 கிராம் ஹைட்ரஜனுக்கு 80 கிராம் ஆக்சிஜன் வேண்டும், இருப்பதோ 40தான். ஆக்சிஜன் தீர்ந்துவிடும், 45 கிராம் நீர் கிடைக்கும், 5 கிராம் ஹைட்ரஜன் சும்மா நிற்கும். கிலோவில் அதிகமாக இருப்பது எண்ணிக்கையிலும் அதிகம் என்று நினைப்பதால் வருகிற தப்பு இது. ஹார்டுவேர் கடைக்குப் போய் வந்த பிள்ளை இதில் விழாது.

பரீட்சையில் விழுந்தால் இரண்டு மார்க் போகும். வெளியே விழுந்தால்? குளியலறைக்குள் கேஸ் கீசரை மாட்டி, ஜன்னலையும் அடைத்துக் குளித்தவர்கள் மயங்கி இறந்துபோன செய்திகள் குளிர்காலத்தில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அது அப்படியே இந்தக் கணக்குதான். ஐந்துக்கு ஏழடி, எட்டடி உயரக் குளியலறையில் இருக்கும் காற்று சுமார் 9 கிலோ, அதில் ஆக்சிஜன் 2 கிலோ சொச்சம். குளிக்கிறவர் மூச்சு விடுவதும் அதே காற்றைத்தான். சிலிண்டரில் கேஸ் தாராளமாக இருக்கிறது, ஆனால் தீர்ந்துகொண்டிருப்பது ஆக்சிஜன். இரண்டு புரோப்பேன் மூலக்கூறு முழுதாக எரிய 10 ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். ஏழுதான் கிடைத்தது என்றால் கார்பன் டை ஆக்சைடு வரை போக வழியில்லை, கார்பன் மோனாக்சைடோடு நின்றுவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்று முழுக்கத் தீரும் வரை அது காத்திருக்கவும் காத்திருக்காது, ஆக்சிஜன் குறையக் குறையவே உருவாக ஆரம்பித்துவிடும். வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்ற இந்த நீளமான வார்த்தையை மனப்பாடம் செய்த எத்தனை வீடுகளில் கீசர் குளியலறைக்குள்ளேயே இருக்கிறதோ!

இதற்கெல்லாம் ஒரு பதில் தயாராக இருக்கும். "பரீட்சைக்குச் சூத்திரம் போதுமே. ஒரு மார்க் கேள்விக்குக் கடைக்குப் போய் போல்ட் வாங்கவா முடியும்?" நியாயமான பதில்தான். வாத்தியார்களுக்குப் போர்ஷன் முடிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு நீட் இருக்கிறது. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, நிறையை மூலக்கூறு நிறையால் வகுத்தால் போதும். ஆனால் சூத்திரம் எப்போது பொருந்தும் என்று அந்தச் சூத்திரமே சொல்லாது. 22.4 லிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 0 டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், வாயுவாக இருக்கிற பொருளுக்குத்தான் அது. அறை வெப்பநிலையான 25 டிகிரிக்கு வந்தால் ஏறக்குறைய 24.5 லிட்டர் ஆகிவிடும். ஆனால் "ஒரு மோல் தண்ணீரின் கன அளவு?" என்று கேட்டால் 22.4 லிட்டர் என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. ஒரு மோல் தண்ணீர் 18 கிராம், அதாவது 18 மில்லி. இரண்டு வாய்க்குக்கூட வராது. அதை ஒரு பெரிய தண்ணீர் கேன் அளவுக்கு எழுதும்போது கையில் உறுத்தவில்லை என்றால், சூத்திரம் மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. 2019 மே 20 முதல் மோலின் அதிகாரபூர்வ வரையறையே எண்தான். அதற்கு முன்னால் 12 கிராம் கார்பன்-12ல் எத்தனை அணு இருக்கிறதோ அது ஒரு மோல் என்று இருந்தது. இப்போது 6.02214076 × 10²³ என்று எண்ணை நேரடியாக நிர்ணயித்துவிட்டார்கள், கூட்டவோ குறைக்கவோ முடியாது. "உலகமே எண்ணிலிருந்து ஆரம்பிக்கும்போது வகுப்பில் மட்டும் ஏன் கடைசியில்?" என்று கேட்கலாம். மீட்டருக்கும் இதே கதிதான். வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியில் 299,792,458ல் ஒரு பங்கு நேரத்தில் போகிற தூரம்தான் ஒரு மீட்டர். அதற்காக ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஸ்கேலைக் கொடுக்காமல் ஒளியின் வேகத்தையா கொடுக்கிறார்கள்? வரையறை என்பது அளவீட்டு ஆய்வகங்கள் ஒன்றோடொன்று சண்டை போடாமல் இருப்பதற்காக. படிக்கிற வரிசை வேறு.

அந்த எண்ணே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு ஸ்பூன் தண்ணீரில் எத்தனை மூலக்கூறு என்று வியக்க அது வேண்டும். ஓர் அணுவின் எடையைக் கிராமில் சொல்ல வேண்டும் என்றாலும் அது இல்லாமல் முடியாது. ஒரு வாரம் விகிதக் கணக்கு போட்டுக் கை பழகிய பிறகு, "அந்தக் குவியலில் அப்படி எத்தனைதான் இருக்கும்?" என்று பிள்ளையே கேட்கும். அப்போது கரும்பலகையில் எழுதலாம்.

கேள்வித்தாளும் கொஞ்சம் மாறினால் நன்றாக இருக்கும். "0.5 மோல் கால்சியம் கார்பனேட்டின் நிறை என்ன?" என்று வருடா வருடம் கேட்பதற்குப் பதில், அரியலூர்ப் பக்கம் வெட்டி எடுக்கிற சுண்ணாம்புக் கல்லைப் பற்றிக் கேட்கலாம். சுத்தமான சுண்ணாம்புக் கல் ஒரு டன் சூளைக்குள் போகிறது. 100க்கு 56 சுண்ணாம்பு, 44 கார்பன் டை ஆக்சைடு. அதாவது 560 கிலோ சுண்ணாம்பு கையில், 440 கிலோ வாயு ஆகாயத்தில். இது அடுப்பில் எரிகிற நிலக்கரியின் புகை அல்ல, கல்லுக்குள்ளேயே இருந்தது. கேள்வி இப்படி இருக்கட்டும்: "இந்தச் சூளையை முழுக்கச் சூரிய சக்தியில் ஓட்டினால் அந்த 440 கிலோவில் எவ்வளவு குறையும்?"

விடை பூஜ்யம். ஐந்து மார்க் கொடுக்கலாம்.